மிதித்தவர்கள் மறுதலித்தவர்களா? நாகசாகி கிறிஸ்தவர்களும் நம் சபையும்

மல்லிகை_நெல்லை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

எங்கள் பெண்கள் ஜெபக்குழுவில் ஒரு சகோதரி இருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு விசுவாசத்துக்கு வந்தவள். புகுந்த வீட்டில் தெரிந்தால் பிள்ளையைப் பறித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று ஒருமுறை மிரட்டியிருக்கிறார்கள். மாமியார் வெள்ளிக்கிழமை விளக்கேற்றச் சொன்னால் ஏற்றுகிறாள். திருநீறு கொடுத்தால் பூசிக்கொள்கிறாள். எல்லாரும் தூங்கின பிறகு அடுக்களையில் உட்கார்ந்து ஜெபிக்கிறாள். அவளுடைய புதிய ஏற்பாடு அரிசி டிரம்முக்குள், பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரிசிக்கு அடியில் இருக்கிறது. அந்த வீட்டில் அரிசி அளந்து எடுப்பது அவள் மட்டும்தான் என்பதால் அங்கே வைத்திருக்கிறாள்.

எங்கள் சபையில் ஒரு மூப்பர், "இது விசுவாசத்தை மறுதலிப்பது, இவளுக்குத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கொடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அவள் அழுதுகொண்டே போனாள்.

அதே வாரத்தில் ஜப்பான் கிறிஸ்தவர்களின் சரித்திரத்தைப் படிக்க நேர்ந்தது. 1614-இல் கிறிஸ்தவத்துக்கு நாடு முழுவதும் தடை. 1620-களின் பிற்பகுதியில் நாகசாகியில் ஃபுமியே என்ற சோதனை தொடங்குகிறது. இயேசுவோ மரியாளோ பொறித்த தகட்டைத் தரையில் வைத்து, ஒவ்வொருவராக அதன்மேல் கால் வைத்து நடக்க வேண்டும். குழந்தைகள், நோயாளிகள் உட்பட யாருக்கும் விலக்கு இல்லை. வருடப் பிறப்பு முடிந்ததும் வருடந்தோறும் நடக்கும் சடங்காகவே அது ஆகிவிட்டது. மறைவில் இருந்த கிறிஸ்தவர்கள் பெரும்பாலோர் மிதித்தார்கள். மிதித்துவிட்டு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு ஜெபித்தார்கள். இப்படி இருநூறு வருடத்துக்கும் மேல் பாதிரியாரே இல்லாமல் விசுவாசத்தைக் காத்திருக்கிறார்கள்.

இவர்களை விசுவாசத்தில் நிலைத்தவர்கள் என்று சொல்வீர்களா, மாட்டீர்களா? எனக்கு இந்தப் பதில் வேண்டும். அந்தப் பிள்ளைக்காகத்தான் கேட்கிறேன்.

எபெனேசர்_கல்

சகோதரி, உங்கள் பாரம் புரிகிறது. ஆனால் வசனம் தெளிவாக இருக்கிறது. "மனுஷர் முன்பாக என்னை மறுதலிக்கிறவன் எவனோ, அவனை நானும் பரலோகத்திலிருக்கிற என் பிதாவின் முன்பாக மறுதலிப்பேன்." மத்தேயு 10:33.

அதே நாகசாகியில் 1597 பிப்ரவரி 5 அன்று 26 பேரைச் சிலுவையில் அறைந்தார்களே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? கியோத்தோவில் இடது காதைச் சிதைத்து, குளிர்காலத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் நடத்தியே கூட்டிவந்தார்கள். அதில் லுதோவிகோ இபராக்கிக்கு வயது 12. மறுதலித்தால் விட்டுவிடுகிறோம் என்று சொன்ன பிறகும் அந்தப் பையன் அசையவில்லை. பவுல் மீக்கி சிலுவையில் தொங்கிக்கொண்டே பிரசங்கம் செய்து, தன்னைக் கொல்கிறவர்களை மன்னித்தார். நம் நாட்டு வசாயில் பிறந்த கொன்சாலோ கார்சியாவும் அந்த 26 பேரில் ஒருவர்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் முடிந்தது என்றால் மற்றவர்களால் ஏன் முடியாது? மிதித்தவர்களையும் இவர்களையும் ஒரே தட்டில் வைத்தால் அந்த இரத்தத்துக்கு என்ன மரியாதை?

ஃபுக்குவோக்கா_தமிழன்

வேலை நிமித்தமாக நான் ஜப்பானில்தான் இருக்கிறேன். நாகசாகிக்குப் போய்வருவது வழக்கம். எபெனேசர் ஐயா சொன்ன 26 பேரின் நினைவிடம் நிஷிசாக்கா குன்றில் இருக்கிறது, ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். அவர்கள் மேல் எனக்கும் அளவு கடந்த மரியாதை உண்டு.

ஆனால் பின்னால் வந்தவர்களின் நிலைமை வேறு, அதைத் தெரிந்துகொண்டு பேசுவோம். அரசாங்கம் ஐந்து ஐந்து வீடுகளை ஒரு குழுவாகக் கட்டிவைத்தது. ஒரு வீட்டில் கிறிஸ்தவர் பிடிபட்டால் மற்ற நான்கு வீட்டுக்காரர்களும் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு புத்த கோயிலில் பதிவு செய்து, இவர் கிறிஸ்தவர் இல்லை என்று அந்தக் கோயிலிடம் சான்று வாங்கியாக வேண்டும். பாதிரியாரைக் காட்டிக்கொடுத்தால் இத்தனை வெள்ளி, உபதேசியாரைக் காட்டிக்கொடுத்தால் இத்தனை வெள்ளி என்று தெருமுனையில் பலகை நட்டிருந்தார்கள். மிதிக்க மாட்டேன் என்று ஒருவர் நின்றால் அவரோடு அந்த ஊரே அழியும். ஞானஸ்நானம் கொடுக்கிறவர், நாள்காட்டி வைத்திருப்பவர் எல்லாரும் அதோடு போய்விடுவார்கள்.

அருங்காட்சியகங்களில் பழைய ஃபுமியே தகடுகள் இருக்கின்றன. சிலவற்றில் கிறிஸ்துவின் முகம் தேய்ந்து, மூக்கும் கண்ணும் வழவழப்பாகி, வெறும் மேடு மட்டும் தெரிகிறது. அத்தனை கால்கள். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது, இதில் எத்தனை பேர் கால் வைக்கும்போதே உள்ளுக்குள் ஜெபித்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மிதித்த பிறகு அவர்கள் சொன்ன ஜெபம் ஏனோதானோ என்று சொன்னதில்லை. பாவத்துக்காக உண்மையாக மனம் வருந்துவது எப்படி என்று 1603-இலேயே நாகசாகியில் ஒரு சிறு புத்தகம் அச்சிட்டிருந்தார்கள். பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் கேட்கப் பாதிரியார் கிடைக்காத நிலை வந்தால், முழு மனஸ்தாபத்தோடு, அதாவது மனவருத்தத்தோடு, தேவனிடமே மன்னிப்புக் கேளுங்கள் என்று அது கற்பித்தது. அதைக் கையால் பிரதி எடுத்தும் மனப்பாடமாகவும் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

புது_விசுவாசி

பாதிரியார் இல்லாமல் ஞானஸ்நானம் யார் கொடுத்தது? பண்டிகை நாள் எல்லாம் எப்படித் தெரிந்தது?

ஃபுக்குவோக்கா_தமிழன்

தம்பி, ஊருக்கு ஊர் பொறுப்பைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவரிடம் நாள்காட்டி இருக்கும், இந்த வாரம் என்ன நாள், எதை விலக்க வேண்டும் என்று அவர்தான் கணக்குப் பார்த்துச் சொல்வார். இன்னொருவர் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பவர். செய்தியை வீடு வீடாகக் கொண்டுபோக வேறொருவர். ஜெபங்களை லத்தீனும் போர்ச்சுகீசும் ஜப்பானியமும் கலந்த சொற்களில் வாய்ப்பாடமாகச் சொன்னார்கள். எழுதி வைத்தால் ஆபத்து.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 1865-இல் வெளிநாட்டவருக்காக நாகசாகியில் ஓவுரா ஆலயத்தைத் திறந்தார்கள். மார்ச் 17 அன்று உராகாமி கிராமத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போல உள்ளே வந்தார்கள். பிரெஞ்சுப் பாதிரியார் பெத்திஜான் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் அவர் பக்கத்தில் வந்து, எங்கள் எல்லாருடைய இருதயமும் உங்கள் இருதயமும் ஒன்றுதான் என்று மெதுவாகச் சொன்னாள். அடுத்த கேள்வி, சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே என்று. இது துக்க காலத்தின் பதினேழாம் நாள், நீங்களும் அனுசரிக்கிறீர்களா என்றும் கேட்டிருக்கிறார்கள்.

அந்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் 16. ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்களான தவக்காலத்தைத்தான் அவர்கள் துக்க காலம் என்றார்கள். ஈஸ்டரிலிருந்து பின்னோக்கி எண்ணினால் அது தொடங்கும் சாம்பல் புதன் மார்ச் 1. அப்படியானால் மார்ச் 17 தவக்காலத்தின் சரியாகப் பதினேழாம் நாள்! இருநூறு வருடத்துக்கு மேல் வெளியுலகத் தொடர்பே இல்லாமல், விவசாயக் குடும்பங்கள் காத்த கணக்கு அது.

மணப்பாடு_அலை

இதைப் படித்தபோது உடல் சிலிர்த்தது. எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தம் இருக்கிறது. ஜப்பானுக்கு முதலில் சுவிசேஷம் கொண்டுபோன சவேரியார் 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் இறங்குவதற்கு முன்னால் எங்கள் முத்துக்குளித்துறையில் இருந்தவர். 1542-இல் வந்தார். உள்ளூர்க்காரர் உதவியோடு செபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்தார், கையில் மணியை வைத்து அடித்துக்கொண்டே தெருவில் பிள்ளைகளைக் கூட்டி அவற்றைச் சொல்லிக்கொடுத்தார். தான் அடுத்த ஊருக்குப் போகும்போது செபம் சொல்லிக்கொடுக்கவும், சாகப்போகும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை வைத்துவிட்டுப் போனார்.

இன்றும் எங்கள் பக்கத்தில் சாமியார் இல்லாத நாளில் கோயில்பிள்ளைதான் எல்லாம். உராகாமியில் தண்ணீர் ஊற்றிய விவசாயியும் அதே மாதிரி ஆள்தான் என்று நினைக்கும்போது அவர்கள் எனக்கு அந்நியர்களாகத் தெரியவில்லை.

எபெனேசர்_கல்

எல்லாவற்றையும் கவனமாகப் படித்தேன். ஃபுக்குவோக்கா தம்பி, நல்ல தகவல்கள். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. தெரியாமல் விழுந்தவன் மனந்திரும்புவது ஒன்று. இந்த ஜனவரியில் மிதிப்பேன், மன்னிப்புக் கேட்பேன், அடுத்த ஜனவரியிலும் மிதிப்பேன் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு செய்வது மனந்திரும்புதலா?

பயத்துக்கு இடம் கொடுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கும் அதே நாட்டில் உதாரணம் இருக்கிறது. ஜப்பானில் இயேசு சபை என்ற பாதிரியார் சங்கத்துக்கே தலைவராக இருந்த கிறிஸ்தோவாவ் ஃபெரேரா 1633-இல் குழியில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டு மறுதலித்தார். பிறகு அதிகாரிகளுக்கு உதவியாளராகி, பிடிபட்ட மற்ற பாதிரியார்களை விசாரிக்கிற இடத்தில் நின்றார். அவரும் ஒரு தரம்தானே விழுந்தார்?

ஆதிசபை_வாசகன்

எபெனேசர் ஐயா கேட்டது நியாயமான கேள்வி. ஆதிசபை இதே கேள்வியில் ஏறக்குறைய உடைந்தே போனது.

கி.பி. 250-இல் ரோமப் பேரரசர் தேசியஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டார். அந்தச் சான்றிதழ்கள் சில எகிப்து மணலில் பாப்பிரஸ் தாளில் இன்றும் கிடைத்திருக்கின்றன. "நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னால் பலியிட்டேன்" என்ற மாதிரி வாசகம், கீழே அதிகாரியின் கையொப்பம். கிறிஸ்தவர்களில் பலர் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமல் காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். உபத்திரவம் தணிந்ததும் எல்லாரும் சபை வாசலில் வந்து நின்றார்கள்.

ரோமில் நோவேஷியன், இவர்களைச் சபை திரும்பச் சேர்க்கவே கூடாது என்றார். வேறு சிலர், சிறையில் பாடுபட்டவர்கள் சிபாரிசுக் கடிதம் கொடுத்தால் உடனே சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கார்த்தேஜ் பேராயர் சிப்ரியான் இரண்டையும் ஏற்கவில்லை. 251-இல் கூடிய பேரவை ஆளுக்கு ஆள் விசாரித்தது. காகிதம் மட்டும் வாங்கியவரை ஒரு விதமாகவும், பலியிட்டவரை இன்னொரு விதமாகவும், சித்திரவதையில் விழுந்தவரை வேறு விதமாகவும் பார்த்தது. மனஸ்தாபக் காலம் உண்டு, ஆனால் கதவு திறந்திருக்கும்.

அந்த சிப்ரியானே 250-இல் ஒளிந்து வாழ்ந்தவர். அதற்காகக் கடுமையான பேச்சும் வாங்கினார். 258 செப்டம்பர் 14 அன்று அதே மனிதர் தலை வெட்டப்பட்டு இரத்தசாட்சியாக மரித்தார். 250-லேயே அவரை நீக்கியிருந்தால்?

மல்லிகை அக்காவுடைய சபை மூப்பர், அந்தச் சகோதரியிடம் உட்கார்ந்து நிலைமையைக் கேட்டாரா? கார்த்தேஜில் கேட்டார்கள்.

மன்னார்க்காரி

எங்கட பக்கத்துக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். புரொட்டஸ்தாந்து சகோதரர்கள் கோபிக்க வேண்டாம்.

1658-இல் யாழ்ப்பாணம் புரொட்டஸ்தாந்து டச்சுக்காரரிடம் விழுந்தது. கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள், அடைக்கலம் கொடுத்தால் தண்டனை. திருமணம் செல்லுபடியாக வேண்டும், காணி பிள்ளைக்குப் போக வேண்டும் என்றால் டச்சுச் சபைப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். எங்கட முன்னோரில் பலர் அங்கே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, இரவில் வீட்டுக்குள் செபமாலை சொன்னார்கள். ஏறக்குறைய முப்பது வருடம் குருவானவர் இல்லை. 1687-இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகள் கூலியாள் வேஷத்தில் வந்தார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைப் பார்த்து யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்துத்தான் கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். பிறகு சில்லாலையில் தங்கிப் பணியைத் தொடங்கினார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது.

அடிகள் முதலில் தேடிப் போனது யாரை? டச்சுப் பதிவேட்டில் பெயர் எழுதியவர்களைத்தான். ஏன் எழுதினாய் என்று கேட்டு வாசலில் நிறுத்தியிருந்தால் இன்றைக்கு வடக்கில் எங்கட சனம் இல்லை. அந்தப் பிள்ளைக்கு அப்பம் கொடுக்க மாட்டோம் என்று சொன்னதைப் படித்ததிலிருந்து மனது ஆறவில்லை.

எபெனேசர்_கல்

மன்னார் சகோதரி, கோபம் இல்லை. ஒரு சபை இன்னொரு சபையை உபத்திரவப்படுத்தியது வெட்கம், அதில் மறுபேச்சு இல்லை.

என் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் முதல் தலைமுறை விசுவாசி. ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்கு என் தகப்பனார் என் துணிமணிகளை எல்லாம் தெருவில் போட்டார். பத்து வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றைக்கு யாராவது என்னிடம், "பரவாயில்லை தம்பி, வெளியே காட்டிக்கொள்ளாதே" என்று சொல்லியிருந்தால் நான் அந்த வழியைத்தான் எடுத்திருப்பேன், இன்றைக்கு விசுவாசத்தில் இருந்திருக்க மாட்டேன். விழுகிறவர்களுக்கு இரக்கம் காட்டுங்கள். ஆனால் விழுவதே ஒரு வழி என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிடாதீர்கள்.

ஃபுக்குவோக்கா_தமிழன்

ஐயா, நீங்கள் சொன்னதைக் கேட்டு மனது கனத்துவிட்டது. உங்கள் கவலைக்கு உராகாமியிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1865-இல் பாதிரியாரைக் கண்ட பிறகு அந்த ஜனங்கள் மறைவை விட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். சாவு வீட்டுக்குப் புத்த பிக்குவை இனி அழைக்க மாட்டோம் என்று 1867-இல் சொல்லிவிட்டார்கள். தடை இன்னும் அமலில்தான் இருந்தது. முன்னணியில் இருந்தவர்களை இரவோடு இரவாகப் பிடித்துச் சிறையில் போட்டுச் சித்திரவதை செய்தார்கள். ஒருவர் தவிர எல்லாரும் மறுதலித்தார்கள். அந்த ஒருவர் தக்காகி சென்எமோன் என்ற விவசாயி.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். மறுதலித்து ஊர் திரும்பியவர்களால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. சென்எமோன் நிலைத்து நின்றதைப் பார்த்து அவர்களில் பலர் ஊர்த் தலைவர் வீட்டுக்குத் தாங்களாகவே போய், நாங்கள் மறுதலித்தது செல்லாது, நாங்கள் கிறிஸ்தவர்கள்தான் என்று சொன்னார்கள். திரும்பச் சிறை, திரும்ப அடி என்று தெரிந்தே போனார்கள்.

1868 முதல் 1870-க்குள் உராகாமி கிராமத்தையே காலி செய்து, 3,000-க்கும் மேற்பட்டவர்களை மேற்கு ஜப்பான் முழுக்கப் பிரித்து அனுப்பினார்கள். ட்சுவானோ என்ற மலையூரில் பனி உறைந்த குளத்தில் மோரியாமா ஜின்சாபுரோவை இறக்கி நிறுத்தினார்கள். மூன்றடிக்கு மூன்றடிக் கூண்டில் மனிதர்களை அடைத்தார்கள். கோத்தோ தீவுகளில் ஹிசாக்கா என்ற தீவில் சுமார் 200 பேரை ஒரே சிறிய வீட்டில் எட்டு மாதம் அடைத்து வைத்தார்கள், ஏறக்குறைய இருபது சதுர மீட்டர்தான் மொத்த இடம். படுக்க முடியாது, உட்காரவும் முடியாது. நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். உராகாமிக்காரர்களில் 600 பேருக்கு மேல் நாடுகடத்தலில் மரித்தார்கள். இவாகுரா தலைமையில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன ஜப்பானியத் தூதுக்குழுவை அங்கே எல்லாரும் இதைப் பற்றிக் குடைந்தார்கள். 1873 பிப்ரவரியில் தடைப் பலகைகள் இறங்கின.

இப்படிப் பாடுபட்டவர்கள் யார்? இருநூறு வருடம் மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள். தாங்களே வருடா வருடம் மிதித்தவர்களும் அதில் உண்டு, ஏனென்றால் 1850-களின் பிற்பகுதி வரை அந்தச் சடங்கு நடந்தது. முன்னோர் அந்த மனஸ்தாப ஜெபத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது, மிதிப்பது பாவம் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார்கள். பாவம் இல்லை என்று நினைத்திருந்தால் வருடா வருடம் அழ வேண்டிய தேவையே இல்லையே. நீங்கள் பயப்படுகிற அந்த இடத்துக்கு அவர்கள் போகவில்லை, ஐயா.

பிறகு ஊர் திரும்பியவர்கள் நிலம் வாங்கி ஆலயம் கட்டினார்கள். எந்த ஊர்த் தலைவர் வீட்டில் மிதிக்க வைத்தார்களோ அந்த வீட்டு நிலம்தான் அது. உராகாமி பேராலயம் அங்கேதான் எழுந்தது. 1945 ஆகஸ்ட் 9 அணுகுண்டு அதற்கு மிக அருகில்தான் வெடித்தது. சுமார் 12,000 உராகாமி கத்தோலிக்கர்களில் சுமார் 8,500 பேர் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் திரும்பவும் கட்டினார்கள்.

மணப்பாடு_அலை

பேதுருவிடம் ஆண்டவர் சொன்னது இங்கே சரியாகப் பொருந்துகிறது. "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து." பேதுரு மூன்று தரம் மறுதலித்து, சேவல் கூவுவதற்கு முன்னாலேயே இதைச் சொல்லிவிட்டார். எபெனேசர் அண்ணாச்சி, சென்எமோன் இடத்தில் நிற்கக் கூடியவர் நீங்கள். அப்படி நிற்கிறவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தெம்பு.

புது_விசுவாசி

சீரியப் படைத்தலைவன் நாகமானையும் பாருங்கள், 2 இராஜாக்கள் 5. ராஜா என் கையின்மேல் சாய்ந்து ரிம்மோன் என்ற அந்நிய தெய்வத்தின் கோவிலில் பணியும்போது நானும் பணிய வேண்டியிருக்கும், கர்த்தர் மன்னிப்பாராக என்று கேட்கிறான். எலிசா தீர்க்கதரிசி, "சமாதானத்தோடே போ" என்கிறார்.

மல்லிகை_நெல்லை

எல்லாருக்கும் நன்றி. ஆதிசபை தம்பி கேட்ட கேள்வியை எங்கள் போதகரிடம் அப்படியே கேட்டேன், யாராவது அவளிடம் உட்கார்ந்து பேசினார்களா என்று. யாரும் பேசவில்லை. அவர் உடனே தன் மனைவியை அனுப்பினார். இப்போதைக்கு முடிவு இதுதான்: அவளால் ஞாயிறு வர முடியாது. வாரநாளில் மாமியார் தையல் வகுப்புக்குப் போகும் நேரத்தில் நாங்கள் இரண்டு பேர் போய் அவளோடு ஜெபிப்போம், போதகரம்மா மாதம் ஒருமுறை வருவார். திருவிருந்து விஷயத்தை மூப்பர்கள் கூடிப் பேசப் போகிறார்கள். அந்த மூப்பர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

விளக்கேற்றும்போது மனசுக்குள் என்ன சொல்வாய் என்று போதகரம்மா கேட்டாராம். "ஆண்டவரே, என்னைப் பாரும், என் பிள்ளையைப் பாரும்" என்று சொல்வேன் என்றாளாம்.

எபெனேசர்_கல்

போய் ஜெபிப்பது நல்லது, தொடர்ந்து போங்கள். திருவிருந்தைப் பற்றி மூப்பர்கள் அவளிடம் நேரில் கேட்டபிறகு முடிவெடுக்கட்டும், அதற்கு முன் தடுத்தது சரியில்லை என்று நானும் சொல்வேன். ஆனால் அவள் என்றைக்காவது வெளியே சொல்லப்போகிறாள் என்றால், அன்றைக்குப் பிள்ளையோடு போய்த் தங்க அவளுக்கு ஒரு இடம் வேண்டும். எனக்கு அன்றைக்கு அது இல்லை. சட்டப்படி பிள்ளையை அவளிடமிருந்து பறிக்க முடியுமா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் இப்போதே கேட்டு வையுங்கள், மிரட்டலுக்குப் பாதி பலம் அவளுக்கு அது தெரியாததால் வருகிறது. புருஷன் எப்படிப்பட்டவர்? அவரோடு யாராவது பேசிப் பார்த்தீர்களா?

மல்லிகை_நெல்லை

அவர் நல்ல மனிதர்தான் ஐயா, அம்மாவுக்குப் பயந்தவர். அரிசி டிரம்மில் இருப்பது அவருக்குத் தெரியும் என்று அவள் சந்தேகப்படுகிறாள். தெரிந்தும் இதுவரை வாய் திறக்கவில்லை. வழக்கறிஞர் விஷயத்தை இந்த வாரமே கேட்கிறேன்.